பிரித்து வேலை பார்ப்பதா, வேறு கியர்பாக்ஸ் போடுவதா?

பழைய காரில் செகண்ட் கியர் போடும்போதெல்லாம் கறக்கென்று சத்தம் வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், பெரும்பாலும் வரும் பதில் ஒரு கேள்விதான்: "ஓவர்ஹால் பண்ணிடலாமா, இல்ல வேற பாக்ஸ் போட்டுடலாமா?" அந்த இடத்தில் நின்றபடியே இதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று அந்த நேரத்தில் உங்களுக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது.

எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதைவிட அது எதனால் போனது என்பதை வைத்துத்தான் இந்த முடிவை எடுக்க வேண்டும். சிங்க்ரோ ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள்; கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் உராய்வால் சமன் செய்யும் வளையம் அது. 1,50,000 கி.மீ. ஓடித் தேய்ந்த ஒரு சிங்க்ரோ ரிங்கும், ஆயில் குறைந்த பாக்ஸில் சூடேறித் தேய்ந்த ஒரு சிங்க்ரோ ரிங்கும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் பாக்ஸில் மற்றவையெல்லாம் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு; ரிங்கையும் பேரிங்கையும் மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். இரண்டாவது பாக்ஸில் அந்த ரிங் பட்ட பாட்டை ஒவ்வொரு பேரிங்கும் ஒவ்வொரு பல்லும் பட்டிருக்கும். அதில் ரிங்கை மட்டும் மாற்றி மூடினால் சில மாதத்தில் திரும்பவும் இறக்க வேண்டி வரும்.

முதலில், கோளாறு கியர்பாக்ஸில்தானா?

கியர்பாக்ஸ் மேல் விழும் பழியில் கணிசமான பங்கு கிளட்ச்சுக்குச் சேர வேண்டியது. இதைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும். எஞ்சினைச் சூடேற்றி ஐடிலில் விடுங்கள். கிளட்ச் பெடலை முழுதாக அழுத்தி ஐந்து விநாடி அப்படியே பிடித்திருந்து, பிறகு மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. அதனால் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியைக் கிளட்ச் வழியாகப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) சுற்றுவது நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். அவசரமாகப் போட்டால் கறக்கென்பதும், ஐந்து விநாடி பொறுத்துப் போட்டால் அமைதியாக விழுவதும் இயல்பு. பொறுத்தும் கறக்கென்றால் கிளட்ச் பிளேட் இன்னும் ஃப்ளைவீலோடு இழுபட்டுக்கொண்டிருக்கிறது. கேபிள் நீண்டிருக்கலாம், ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசியலாம், பிளேட்டின் நடுப்பகுதி ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனில் (நீளவாட்டுப் பல்வரிகளில்) துருப்பிடித்து நகராமல் இருக்கலாம். பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்ததும் கியர் லேசாக விழுந்தால் சந்தேகமே வேண்டாம், ஹைட்ராலிக் பக்கம்தான் கோளாறு.

எஞ்சின் ஓடும்போது எல்லாக் கியரும் முரண்டு பிடித்து, எஞ்சினை நிறுத்தினால் எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தாலும் கிளட்ச் சரியாக விடவில்லை என்று பொருள். எஞ்சின் நின்ற பிறகும் கடினமாகவே இருந்தால் லிவரிலிருந்து பாக்ஸ் வரை போகும் கேபிள், ராடு, அவற்றின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லிவரை அசைக்க, இன்னொருவர் கீழே படுத்துப் பார்த்தால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ராடு வைத்த வண்டிகளில் எஞ்சின் மவுன்ட் கிழிந்தாலும், ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் சாய்ந்து ராடை இழுத்துக் கியரை வெளியே தள்ளிவிடும். கையடக்கமான ரப்பர் துண்டுக்காகப் பாக்ஸையே இறக்குகிற அநியாயம் நடப்பது இங்கேதான்.

இதையெல்லாம் தாண்டி, கிளட்ச் நன்றாக விட்டு, ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் கறக்கென்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது செகண்டாகத்தான் இருக்கும். அடிக்கடி போடுகிற கியர் அது. ஃபர்ஸ்டிலிருந்து ஏறும்போதும் தேர்டிலிருந்து இறங்கும்போதும் சமன் செய்ய வேண்டிய வேக வித்தியாசமும் அதற்குத்தான் அதிகம்.

சத்தத்தை வைத்துப் பிரிப்பது அடுத்தது. நியூட்ரலில், பெடலில் கால் வைக்காதபோது உறுமல் கேட்டு, பெடலை மிதித்ததும் நின்றுவிட்டால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள்; அதோடு சேர்ந்து சுற்றும் லே ஷாஃப்ட் (இன்புட்டிலிருந்து சுழற்சியை வாங்கிக் கியர்களுக்குக் கொடுக்கும் பக்கத் தண்டு) பேரிங்காகவும் இருக்கலாம். பெடலை மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். அதை மாற்றவும் பாக்ஸைக் கழற்றத்தான் வேண்டும், ஆனால் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில், ஃபோர்த் கியர் டைரக்டாக இருந்து, அதில் மட்டும் அமைதியாகவும் மற்றவற்றில் உறுமியும் ஓடினால் லே ஷாஃப்ட் பேரிங் போயிருக்கிறது. டைரக்ட் கியரில் இன்புட்டும் அவுட்புட்டும் நேராகப் பூட்டிக்கொள்வதால் லே ஷாஃப்ட் மேல் பளு விழாது, சும்மா சுற்றும். ஓடும் வேகத்துக்கேற்பச் சத்தம் கூடி, நியூட்ரலில் உருட்டினாலும் தொடர்ந்தால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பேரிங்காகவோ சக்கரத்தின் பேரிங்காகவோ இருக்கும். ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஒடித்து ஓட்டும்போது சத்தம் ஏறி இறங்கினால் சக்கரம்தான்.

ஆயிலை இறக்கிப் பாருங்கள்

எந்த முடிவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பாக்ஸைக் கழற்றக்கூடத் தேவையில்லை. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, முதலில் ஆயில் ஊற்றும் மேல் பிளக்கைக் கழற்றுங்கள். அது வரும் என்று தெரிந்த பிறகே கீழ் பிளக்கில் கை வையுங்கள். மேல் பிளக் இறுகிப்போய்த் தலை மழுங்கியிருந்தால், ஆயிலை இறக்கிவிட்டுத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.

வருகிற ஆயிலை அளவுப் பாத்திரத்தில் பிடியுங்கள். முன்சக்கரம் இழுக்கும் சின்ன கார்களில் இரண்டு லிட்டரை ஒட்டித்தான் கொள்ளளவு இருக்கும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு மேனுவலில் உண்டு. 2.2 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.2 லிட்டர் வந்தால், மற்றதெல்லாம் பார்க்கும் முன்பே காரணம் கிடைத்துவிட்டது. எந்த ஆயில் சீல் வழியாகப் போனது என்பது மட்டும்தான் பாக்கி.

பிறகு அதை ஒரு வெள்ளைத் துணி வழியாக வடிகட்டுங்கள். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மசி போல ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் மையாக வழுக்கும், நெருடாது. அது எல்லாப் பாக்ஸிலும் வரும் சாதாரணத் தேய்மானம். துணியில் வெயில் பட்டதும் பொன்னிறத் தூள் மினுங்கினால் அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. ரிங்கின் உராயும் பரப்பு கார்பனாலோ வேறு பூச்சாலோ ஆன பாக்ஸ்களில் இந்த மினுக்கம் வராது. அதனால் மினுக்கம் இல்லை என்பதற்காக ரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. காந்தத்தில் மீன் செதில் போலத் தகடு தகடாக ஒட்டியிருந்தால் பேரிங்கின் ஓடுபாதை உரிந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் உடைந்த சர்க்கரைக் கட்டி போல மணல் மணலாகவும் ஒரு துண்டு கிடைத்தால் அது உடைந்த பல். அதற்குப் பிறகு வண்டியை ஓட்ட வேண்டாம். அந்தத் துண்டு இன்னொரு பல்லுக்கு இடையில் சிக்கினால் ஹவுசிங்கே (பாக்ஸின் வெளிக்கூடே) பிளக்கும்.

ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆழமான தண்ணீரில் ஓடிய வண்டியில் பிரீதர் (காற்றுப்போக்குத் துளை) வழியாக உள்ளே போகும்: சூடான பாக்ஸ் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துவிடும். உடனே மாற்றியிருந்தால் பெரிய சேதம் இருக்காது. அப்படியே மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பேரிங்கில் துருக்குழி விழுந்திருக்கும்.

ஆயிலின் வகையையும் விசாரியுங்கள். டின்னில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண் என்றால் உயர்ந்த சரக்கு என்று நினைத்து ஜிஎல்-5 ஊற்றிவிடுவது பரவலாக நடக்கிறது. ஆனால் அது பின் ஆக்சிலில் இருக்கும் ஹைப்பாய்டு பற்களின் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று வந்தது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். சிங்க்ரோ ரிங்கோ உராய்வை நம்பி வேலை செய்கிறது. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங்குக்குக் கோனை (கியரில் அது உட்காரும் கூம்புப் பரப்பை) பிடிக்க முடியாது. சில சேர்மானங்கள் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். மேனுவல் ஜிஎல்-5 கேட்டால் அதையே ஊற்ற வேண்டும், ஜிஎல்-4 கேட்டால் அதை மட்டுமே ஊற்ற வேண்டும். சில பாக்ஸ்களுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில், இன்னும் சிலவற்றுக்கு எஞ்சின் ஆயில் என்றே இருக்கும். வடித்த ஆயிலில் துகள் எதுவும் இல்லாமல், காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கறக்கென்ற வண்டி என்றால், சரியான ஆயிலை ஊற்றி 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் பாக்ஸை இறக்கலாம்.

இறக்கிய பிறகு ஒரு முறை நிறுத்தி யோசியுங்கள்

பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி இரண்டு வழிக்கும் ஒன்றுதான். இது பலருக்குத் தோன்றுவதில்லை. அதனால் முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. "இறக்குங்க, பிரிங்க, கழுவி மேஜை மேல பரப்புங்க, அப்புறம் கூப்பிடுங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்று மெக்கானிக்கிடம் பேசிவிடுங்கள். பிரித்துப் பார்க்கும் கூலி தனியாகக் கேட்பார். அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். வேறு பாக்ஸ் போடுவதென்று முடிவானாலும் அந்தப் பணம் வீணில்லை.

மேஜை முன்னால் நின்று முதலில் எடுக்க வேண்டியது, முரண்டு பிடித்த கியரையும் அதன் ரிங்கையும். கியரின் பக்கவாட்டில் சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். டாக் டீத் என்பார்கள். நல்ல பல்லின் முனை ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இரண்டு பக்கச் சரிவோடு நடுவில் முகடு கட்டி நிற்கும். கறக்கென்ற சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டிய கியரில் அந்த முகடு மழுங்கி உருண்டிருக்கும், ஓரத்தில் பொடிப்பொடியாகச் சிதைந்திருக்கும். முகடு கூர்மையாக இருந்தால் ரிங் மட்டும் மாற்றினால் போதும். உருண்டுவிட்ட பல்லோடு புது ரிங் போட்டால் சத்தம் திரும்ப வரும். ஸ்லீவ் (டாக் டீத் மேல் நகர்ந்து கியரைப் பூட்டும் வளையம்) வழுக்கி நுழைய அங்கே சரிவே இல்லை.

ரிங்கைச் சுத்தமான ஆயிலில் நனைத்து, கியரின் கோன் மேல் வைத்துக் கையால் அழுத்தித் திருப்புங்கள். நல்ல ரிங் சட்டென்று பிடித்துக்கொள்ளும். தேய்ந்தது வழுக்கிச் சுற்றும். அழுத்தியபடியே ரிங்குக்கும் டாக் டீத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். புதிதில் பொதுவாக ஒரு மி.மீ. அளவுக்கு இருக்கும் இது, பல பாக்ஸ்களில் 0.5 மி.மீ. வாக்கில் வந்ததும் எல்லையைத் தொட்டுவிடும். இடைவெளி இல்லாமல் போனால் ரிங் கியரின் முகத்தில் முட்டிக்கொண்டு கோனைத் தொடாமலே நிற்கும். உட்புறத்தில் நூல் நூலாக இருக்கும் வரிகளையும் பாருங்கள். அவைதான் ஆயில் படலத்தை வெட்டி ரிங்கைப் பிடிக்க வைக்கின்றன. வரிகள் தட்டையாகிப் பளபளத்தால் அந்த ரிங் முடிந்தது.

கியர் தப்பி வெளியே வருகிற வண்டி என்றால் ஸ்லீவின் உள்பற்களைக் கவனியுங்கள். பல் பின்பக்கமாக லேசாக ஒடுங்கி வரும். பளு ஏறும்போது கியரை உள்ளே இழுத்துப் பிடிப்பது அந்த ஒடுக்கம்தான். அது தேய்ந்து நேராகிவிட்டால் எவ்வளவு புது ஸ்பிரிங் போட்டாலும் கியர் தங்காது. ஸ்லீவை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்குக்கும் ஸ்லீவின் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளி 1 மி.மீ. தாண்டினால் பல பாக்ஸ்களின் மேனுவல் ஃபோர்க்கை மாற்றச் சொல்லும். லிவரில் எப்போதும் கையை வைத்துக்கொண்டே ஓட்டுவதால் தேய்வது இந்த ஃபோர்க்தான்.

அடுத்து, நிறம். ஷாஃப்ட்டிலோ கியரிலோ ஊதாவோ நீலமோ படர்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் ஓடி வெந்திருக்கிறது. மேல்தோலின் கடினம் போன இரும்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இங்கே முடிவு சுலபம்: வேறு பாக்ஸ்தான்.

பின்சக்கரம் இழுக்கும் வண்டியைச் சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுத்திருந்தாலும் இதே சேதம் நடக்கும். எஞ்சின் நின்று கியர் நியூட்ரலில் இருக்கையில் லே ஷாஃப்ட் சுற்றாது. ஆயிலை வாரி இறைப்பது அதுதான். மேலே, சக்கரத்தோடு இணைந்த மெயின் ஷாஃப்ட் மட்டும் காய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியை வாங்கியவருக்கு இது தெரிய வழியே இல்லை, நிறம்தான் சொல்லும்.

பாகங்களை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். பேரிங்குகள், சிங்க்ரோ ரிங்குகள், அவற்றின் கீகளும் ஸ்பிரிங்குகளும், ஆயில் சீல்கள், சர்க்கிளிப்கள் (பூட்டு வளையங்கள்), ரோல் பின்கள், கியரை இடத்தில் நிறுத்தும் டீடென்ட் பந்தும் ஸ்பிரிங்கும் ஒரு குவியல். இவை தேய்வதற்கென்றே இருப்பவை. பாக்ஸைத் திறந்த பிறகு இவற்றில் கஞ்சத்தனம் கூடாது. சத்தம் போட்ட ஒரு பேரிங்கை மட்டும் மாற்றி, உடன் ஓடிய மற்றவற்றை விட்டுவைப்பது இன்னொரு முறை இறக்குவதற்கு அச்சாரம். கியர், ஷாஃப்ட், ஹப் (ஸ்லீவ் நகரும் நடுப்பாகம்), ஸ்லீவ், ஹவுசிங் இன்னொரு குவியல். விலை ஏறுவது இங்கேதான், அதுவும் தனித்தனியாக ஏறாது. தேய்ந்த கியரோடு புதுக் கியரை ஓடவிட்டால் ஊளையிடும், சீக்கிரமே குழி விழும். எனவே ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் பல பாக்ஸ்களில் ஃபர்ஸ்ட், ரிவர்ஸ் கியர்கள் இன்புட் ஷாஃப்ட்டோடு ஒரே இரும்பில் வெட்டப்பட்டவை. சிலவற்றில் செகண்டும் அப்படித்தான். அங்கே ஒரு பல் போனாலும் முழு ஷாஃப்ட் வாங்க வேண்டும். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பினியனும் (சின்னப் பல்சக்கரமும்) அவுட்புட் ஷாஃப்ட்டிலேயே வெட்டியிருந்தால், அது போகும்போது பெரிய ரிங் கியரும் சேர்ந்து போகும்.

என் கணக்கு இதுதான். முதல் குவியல் மட்டும் என்றால் பிரித்து வேலை பார்ப்பது மேல். அதோடு ஒரு கியர் ஜோடியோ ஒரு ஹப்-ஸ்லீவ் ஜோடியோ சேர்ந்தாலும் தாங்கும். இரண்டாவது குவியலில் மூன்று ஐட்டம் ஏறிவிட்டால், அல்லது ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து பேரிங்கின் வெளிவளையம் கையால் சுற்றினால், அந்தப் பாக்ஸை விட்டுவிடலாம். உதிரிபாகம் நிறுத்தப்பட்ட மாடல் என்றால் பிரிக்கும் முன்பே சிங்க்ரோ ரிங்கும் பேரிங்கும் கிடைக்குமா என்று எண்ணோடு விசாரித்துவிடுங்கள். பேரிங் பெரும்பாலும் அதன் மேல் இருக்கும் எண்ணை வைத்து வெளியில் கிடைக்கும். ரிங் அப்படிக் கிடைக்காது.

வேறு பாக்ஸ் என்றால்

கம்பெனி பாக்ஸைப் புதிதாகவோ, முறையாகப் புதுப்பித்து உத்தரவாதத்தோடு விற்பதையோ வாங்க முடிந்தால் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. புதுப்பித்ததை வாங்கினால் உங்கள் பழைய பாக்ஸைத் திருப்பிக் கேட்பார்கள். அதன் ஹவுசிங் உடையாமல் இருந்தால்தான் முழு மதிப்பு கிடைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பலரும் வாங்குவது உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பாக்ஸ். அங்கேதான் கண்ணை அகலத் திறந்திருக்க வேண்டும்.

ஒரே மாடல், ஒரே வருடம் என்று சொன்னால் போதாது. ஹவுசிங்கில் பொறித்த குறியீடு உங்களுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே பாக்ஸ் பெட்ரோலுக்கு ஒரு ரேஷியோவிலும் டீசலுக்கு வேறு ரேஷியோவிலும் வரும். இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் எண்ணிக்கை, டிரைவ் ஷாஃப்ட் நுழையும் ஸ்ப்ளைன், மவுன்ட் துளைகள், கியர் கேபிளா ராடா, ஸ்பீடோமீட்டருக்குக் கேபிளா சென்சாரா, ரிவர்ஸ் லைட் ஸ்விட்சின் பிளக், கிளட்ச் ஸ்லேவ் வெளியே இருக்கிறதா பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்ச்சை மூடும் கூட்டுக்குள்) இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஃபைனல் டிரைவ் ரேஷியோ (பாக்ஸின் கடைசிப் பல்ஜோடியின் விகிதம்) கண்ணுக்குத் தெரியாது. 4.105 இருக்க வேண்டிய வண்டியில் 4.388 உள்ள பாக்ஸ் ஏறினால், 3,000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்கு எஞ்சின் 3,200 சுற்ற வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டருக்கான அளவைப் பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டிகளில் முள்ளும் தப்பாகக் காட்டலாம். இதைத் தரையில் வைத்தே எண்ணிப் பார்க்க ஒரு வழி உண்டு. முன்சக்கரம் இழுக்கும் பாக்ஸில் ஒரு பக்க அவுட்புட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஃபிஃப்த் கியரில் போடுங்கள். இன்புட் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு 20 சுற்று சுற்றுங்கள். மறுபக்க அவுட்புட் எத்தனை சுற்றியது என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் இரண்டு மடங்கு சுற்றும். ஃபிஃப்த் ரேஷியோ 0.757 என்று வைத்தால், 4.105 பாக்ஸில் கிட்டத்தட்ட 12.9 சுற்று வரும், 4.388 பாக்ஸில் 12 சுற்று வரும். ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று வித்தியாசம் என்பதால் தப்பாக எண்ண வழியில்லை.

சுற்றும்போதே கையில் என்ன உணர்வு வருகிறது என்று கவனியுங்கள். எல்லாக் கியரிலும் ஒருமுறை போட்டுச் சுற்ற வேண்டும். மணல் அரைவது போல நெருடினால் பேரிங். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுக்கினால் பல்லில் அடி. இன்புட் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். நுனியில் கொஞ்சம் ஆட்டம் பல பாக்ஸ்களில் இயல்பு; ஃப்ளைவீலின் பைலட் பேரிங்தான் அதைத் தாங்கும். லொடலொடவென்று அடித்தால் வேண்டாம். ஸ்ப்ளைனில் கிளட்ச் பிளேட் ஓடிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படி தடுக்கக் கூடாது. பெல் ஹவுசிங்கின் போல்ட் காதுகளில் முடி போன்ற விரிசலும், அலுமினிய வெல்டிங் அடித்த தடமும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விற்பவர் ஆயிலை ஏற்கெனவே வடித்திருந்தால் டிரைன் பிளக்கையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிரைவ் ஷாஃப்ட் துளைகளை மூடாமல் வெட்டவெளியில் கிடந்த பாக்ஸ், மழையில் நனைந்து உள்ளே ஒரு பக்கம் துருக்கோடு கட்டியிருக்கும். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கியதை ஏற்றும் முன் எல்லா ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். பாக்ஸ் கீழே இருக்கும்போது கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை.

பிரித்து மாட்டும்போது எங்கே தவறுகிறது

ஓவர்ஹால் செய்த பாக்ஸ் சீக்கிரமே திரும்பி வருவதற்குப் பாகம் காரணமாக இருப்பது குறைவு. மாட்டிய விதம்தான் காரணமாக இருக்கும். யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதை முடிவில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸும் டயல் கேஜும் இல்லாத இடத்தில், சுத்தியலும் பைப்புமாகப் பேரிங் ஏற்றுகிற இடத்தில், நல்ல பழைய பாக்ஸ் வாங்கி மாட்டச் சொல்வதே புத்திசாலித்தனம்.

பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் அந்த அடி பந்து வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு விழும். புதுப் பேரிங் முதல் நாளிலேயே உறுமும். சூடாக்கி ஏற்றுவது நல்ல முறை. ஆனால் 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிறுத்த வேண்டும், நெருப்பை நேரே காட்டக் கூடாது. அதற்கு மேல் போகப் போக இரும்பின் பதம் மாறும்.

டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங் உள்ள பாக்ஸில் ஷிம் (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடு) கணக்கைத் தவிர்க்கவே முடியாது. பேரிங், ஷாஃப்ட், ஹவுசிங் இவற்றில் எதை மாற்றினாலும் திரும்ப அளந்து ஷிம் போட வேண்டும். "பழைய ஷிம்மையே போட்டுட்டேன், கரெக்டாதான் இருக்கும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அலுமினிய ஹவுசிங் சூட்டில் இரும்பு ஷாஃப்ட்டைவிட அதிகம் விரியும். குளிர்ந்திருக்கும்போது சரியான இறுக்கம் இல்லையென்றால், சூடேறியதும் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்து கியர் தப்ப ஆரம்பிக்கும்.

மற்றவை சின்னத் தவறுகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் பாக்ஸைத் திரும்ப இறக்க வைக்கும். ஸ்லீவைத் திருப்பிப் போடுவது. இதைத் தவிர்க்கப் பிரிக்கும்போதே ஹப்பிலும் ஸ்லீவிலும் குறி வைத்துவிட வேண்டும். ரிங்கின் வெட்டு கீக்கு நேராக உட்காராமல் பிரஸ் போட்டு நசுக்குவது. ரிங்கை ஆயிலில் ஊற வைக்காமல் காய்ந்தபடியே மாட்டுவது. பழைய சர்க்கிளிப்பை நிமிர்த்திப் போடுவது. செலக்டர் ராடுகளுக்கு நடுவே இருக்கும் இன்டர்லாக் பின்னை மறப்பது. அது இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பாக்ஸ் பூட்டிக்கொள்ளும். சீலன்ட்டை அப்புவது, உள்ளே பிதுங்கி உதிரும் துண்டு ஆயில் போகும் வழியை அடைக்கும். ஹவுசிங்கை மூடியதும் வண்டிக்குக் கொண்டுபோகும் முன் எல்லாக் கியரும் விழுகிறதா என்று மேஜை மேலேயே கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வழியில் போனாலும், பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் பாருங்கள். பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடலாம். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஏற்றும்போது பாக்ஸின் எடை இன்புட் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டில் தொங்கக் கூடாது. ஜாக்கி தாங்கியிருக்க வேண்டும். தொங்கினால் பிளேட் வளைந்து, புதுக் கிளட்ச் விடாமல் இழுக்கும். பெல் ஹவுசிங் எஞ்சினோடு ஒட்டாமல் சின்ன இடைவெளி நிற்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்து ஒட்ட வைக்கவும் கூடாது. காது உடைவது அப்படித்தான்.

ஆயில் ஊற்றியதும் முதல் 500 கி.மீ.க்குக் கியரை நிதானமாகப் போடுங்கள். புது ரிங் கோனோடு படிய அந்த அவகாசம் வேண்டும். 1,000 கி.மீ. ஆனதும் ஆயிலை ஒருமுறை இறக்கி, அதே வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். புதுப் பாகம் படிந்ததால் வரும் கொஞ்சம் பித்தளை மினுக்கமும் சாம்பல் மசியும் இருந்தால் சரியான ஆயிலைத் திரும்ப நிரப்பி ஓட்டலாம். காந்தத்தில் செதில் தெரிந்தால் அன்றைக்கே, உத்தரவாதம் கையில் இருக்கும்போதே, வேலை பார்த்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். துணியையும் பிளக்கையும் கழுவாமல் எடுத்துப்போங்கள்.